திலக் நகர் மொட்டைமாடி, 20.1

கம்பியில் இன்றும் யாரோ
துண்டு காயப் போட்டிருக்கிறார்கள்.
ஈரத்துணி தொங்கினால்
ஆன்டெனா வேறு எதையோ கேட்கத் தொடங்கும்.
செயலாளர் பாட்கருக்கு இதை விளக்குமளவு
மராத்தி இல்லை என்னிடம்.
துண்டை மடித்துத் தண்ணீர்த் தொட்டிமேல் வைக்கிறேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கடைசி லோக்கல்.
மேலே மின்கம்பி பொறி கக்க
ஹெட்போனுக்குள் ஒரு சேலை கிழிகிறது,
குர்லா வரை கிழிந்துகொண்டே போகிறது.
இனி நான்கு மணி வரை தண்டவாளம் சும்மா கிடக்கும்.
சிக்னல் பிரிவில் எங்களுக்கு அதுதான் வேலை நேரம்.
விடுப்புத் தாளில் காரணம் என்ற இடத்தில்
குடும்பக் காரியம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கட்டிடத்தை நான் காதால் அறிவேன்.
நான்காம் மாடி மீன்தொட்டி: ஓயாத ரீங்காரம்.
சாவந்த் வீட்டு மலிவு சார்ஜர்: தூக்கத்தில் பல்லைக் கடிக்கும்.
முதல் மாடிக்குப் புதிதாக வந்தவர்கள்
வாசலில் எல்.இ.டி. சரம் மாட்டியதிலிருந்து
பதினெட்டு முதல் இருபத்திரண்டு வரை
ஒரே மழை.
யார் எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்பது
எனக்குத் தெரியும் என்று
யாரிடமும் சொன்னதில்லை.

வியாழன் உச்சியில்.
குரு பார்க்கக் கோடி நன்மை என்பாள் செல்லத்தங்கம்,
மகன் ராசிக்குப் பெயர்ச்சி எப்போது என்று
என்னிடம் விசாரிப்பாள்.
பார்க்கிறதா, தெரியாது அக்கா.
பேசுகிறது.

சனியும் பேசுகிறது. யுரேனஸ், நெப்டியூன்கூட.
அவர்களுக்கு அடித்தொண்டைக் குரல்;
காற்றுக்கு மேலே ஒரு மின்கூரை இருக்கிறது,
அது அப்படியே திருப்பி அனுப்பிவிடும்.
கூரையைத் துளைத்து இறங்கும் கீச்சு
வியாழனுக்கு மட்டும்.

அதன் நிலவு ஒன்றுக்குப் பெயர் அயோ.
எழுதும்போது சரியாக இருக்கிறது,
சொன்னால் அய்யோ ஆகிவிடுகிறது.
எங்கள் பாஷையில் அது ஒரு சக்கர அச்சு.
இரண்டு தண்டவாளத்தையும் அச்சு தொட்டால்
மின்சாரம் குறுக்கே பாயும்,
எங்கோ ரிலே விழும், விளக்கு சிவக்கும்.
அங்கே தண்டவாளத்துக்குப் பதில் காந்தக் கோடுகள்.
நாற்பத்திரண்டரை மணி நேரத்துக்கு ஒரு வண்டி,
நிறுத்தம் கிடையாது.

அட்டவணைப்படி ஒன்று ஐம்பது.
அங்கிருந்து ஒன்று பதினைந்துக்கே கிளம்பியிருக்கும்,
நான் ஃப்ளாஸ்கைத் திறந்து டீ ஊற்றியபோது.

ஒன்று நாற்பத்தொன்பது.
அடியிலிருந்து ஓர் அறுவை ஒலி, முள் முழுக்க ஏறி நின்றது.
இரண்டாம் மாடி, ஜெபராணி வீடு.
நெபுலைசர்.

மீன்தொட்டியை நிறுத்தச் சொல்லலாம்.
சாவந்துக்கு நல்ல சார்ஜர் வாங்கித் தரலாம்.
இதை என்னவென்று கேட்பது?
ஐந்து வயது ஜெரின்
முகமூடிக்குள் மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருக்கிறான்.
அறுபத்து மூன்று கோடி கிலோமீட்டர் வந்த ஒன்று
அவன் மேல் வழிந்து போய்க்கொண்டிருக்கிறது.

ஹெட்போனைக் கழற்றவில்லை.
பதினேழு நிமிடம் அந்த மோட்டாரையே கேட்டேன்.
நடுவில் ஒருமுறை தடுக்கியது.
என் கையில் டீ அப்படியே நின்றது.
பிறகு மறுபடி ஓடியது.

இரண்டு ஆறுக்கு நின்றது.

பிறகு ஓர் இழுப்பு.
விட்டு, இன்னோர் இழுப்பு.
பையன்தான் என்று எழுந்தேவிட்டேன்.
மூன்றாவது இழுப்பு நீளமாக,
தாதர் கரையில் அலை திரும்புவதுபோல,
அதற்குள் பொடிப்பொடியாகக் கடுகு வெடித்தது.
அப்போதுதான் உட்கார்ந்தேன்.

நான்கு நிமிடம்.
நோட்டில் எழுதியது:
1:49 – 2:06 இரைச்சல், மூலம் தெரியும்.
2:07 – 2:11 வியாழன்.

காலையில் லிஃப்டில் ஜெபராணி, கண் வீங்கி.
பையன் தூங்குகிறானாம்.
மாடியில போட்ட துண்டக் காணோம் என்றாள்.
தொட்டி மேல இருக்கு, கொஞ்சம் ஈரமாத்தான்.
அது கொடிக் கம்பிதானே?

ஆமாம் என்றேன்.